வேலி நடந்த தூரம்

கோப்பில் இப்படி எழுதியிருந்தது:
ஹா பள்ளத்தாக்கு, தென்முகச் சரிவு.
மேலே கோதுமை, கீழே உருளைக்கிழங்கு.
நடுவில் ‘இயற்கை வேலி, முள்.’

முள் என்று எழுதியவன்
மே மாதத்தில் வந்திருக்கமாட்டான்.

நான் வந்தது மேயில்.
முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டு
மரப்பாலம் தாண்டி ஏறினால்
ஆளுயரத்துக்கு மேல் ஒரு கை உயரம்,
வெள்ளை.
முழு வெள்ளை என்றும் சொல்ல முடியாது.
பாலில் வெண்ணெய் திரள்வதற்குச் சற்று முன்னால்
ஒரு நிறம் வருமே, அது.

அளப்பவன் கை சும்மா இருக்காது.
இதழ்களை எண்ணினேன். நான்கு.
அடுத்த பூ. நான்கு.
ஒன்று உதிர்ந்திருக்குமோ என்று
காலடியில்கூடத் தேடினேன்.
காட்டு ரோஜாவுக்கு ஐந்திதழ் என்று
பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான்.
இது ஒன்றைக் குறைத்துக்கொண்டு
அதைப் பற்றி யாரிடமும்
ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறது.

முள்ளும் முள் மாதிரி இல்லை.
கிளையோடு கிளையாகப் பட்டையாய் ஒட்டிய சிறகு.
வெயிலுக்கு எதிரே கண்ணை மூடினால்
இமைக்குள் தெரியும் சிவப்பு.

வழக்கு இதுதான்.
தாவ் பென்ஜோர் சொன்னார்:
“அவள் வேலி என் நிலத்துக்குள் நடந்து வருகிறது.”
லெக்கி ஓம் சொன்னாள்:
“வேலிக்கு ஏது கால்?”

உண்டு.
மண்ணுக்கடியில் வேரோடி
ஒரு சாண் தள்ளிப் புதுக்கொம்பு விடும்,
வெயில் தெற்கே, அதனால் தெற்கே.
வடக்கே பழைய கொம்புகள்
சிவப்பு வற்றி, சாம்பல் பூத்து, ஒடியும்.
வேலியே பயிரை மேய்ந்த கதை தெரியும்;
இது பயிரைத் தொடவில்லை,
நிலத்தை மட்டும் மேய்ந்திருக்கிறது.

பழைய எல்லைக்கல்
கோதுமைக்குள் முழங்கால் ஆழத்தில் கிடைத்தது.
செயற்கைக்கோளைக் கேட்டேன்.
முப்பத்தொரு வருடம்,
இரண்டு மீட்டர் பதினேழு சென்டிமீட்டர்.

“ஜெயித்துவிட்டீர்கள்” என்றேன்.
தாவ் பென்ஜோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
“அப்படியானால் வேலி?”
“வெட்டிவிட்டுக் கல் இருந்த இடத்தில்
புதிதாக நடலாம்.”
“அது வளர?”
“ஏழெட்டு வருடம்.”

அன்றிரவு அவர் வீட்டு மாடியில் படுத்திருந்தேன்.
காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின.
கோதுமையை மிதித்துக்கொண்டு நேராக
கிழங்கு வாசத்துக்கு வந்தன.
வேலியில் முட்டிய சத்தம்.
பிறகு ஒரு குட்டியின் வீறிடல்.
பிறகு நெடுநேரம்
உறுமலும் ஆலோசனையுமாக ஏதோ.
பிறகு ஆறு மட்டும்.

பக்கத்துப் படுக்கையில் அவரும் விழித்திருந்தார்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் அவர்,
அந்தப் பக்கம் அவள்,
முகம் தெரியாமல் பூ வழியாகப் பேரம்.
அந்த இரண்டு மீட்டர் பதினேழுக்கு
வருடா வருடம் புத்தாண்டன்று ஹொந்தே தரவேண்டும்.
ஒன்பது என்றாள்.
பதினைந்து என்றார்.
“பன்றி மிதித்த கோதுமை யாருடையது?” என்றாள்.
பதினொன்றில் முடிந்தது.
உள்ளே முள்ளங்கிக் கீரை, வெண்ணெய் குறையக்கூடாது,
அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம்:
எல்லைக் கோட்டின் தன்மை.
நேர், வளைவு, முறிவு, மூன்றில் ஒன்றைக் குறிக்கவேண்டும்.
ஓரத்தில் நான் எழுதினேன்:
நடக்கிறது.

திம்புவில் அதை அடித்துவிட்டார்கள்,
சிவப்பு மையால்.
தலைமை அலுவலர் என் மேலங்கியின் கையைப் பார்த்து
எங்கே கிழிந்தது என்று கேட்டார்.
இரண்டு மீட்டர் பதினேழில் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

இப்போது ஜூலைக் கடைசி.
பூ கொட்டி, காய் சிவக்கத் தொடங்கியிருக்கும்.
என் வரைபடத்தில் கோடு
போட்ட இடத்திலேயே இருக்கிறது.
அங்கே இந்நேரம்
அரை விரற்கடையாவது போயிருக்கும்.